சார்டினுக்கு மேல் சாம்பிராணி

வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் பணம் மிச்சமாகும் என்று எனக்கு முதலில் சொன்னவர் என் லோரி முதலாளி. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு அதுதான் பதிலாக வந்தது. அடுத்துச் சொன்னவர் கிளினிக்கில் ஒரு தாதி. சொன்னதோடு ஒரு வண்ணத் தாளையும் கையில் கொடுத்தார். அதில் ஒரு குடும்பம் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது ஆள் என் மச்சான். அவன் வீட்டில் உள்ளே ஓர் அடுப்பு, பின்னால் கூரை போட்டு இன்னோர் அடுப்பு. மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் உனக்கு அடுப்பு இருக்கிறதா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுக்கு அடுப்பு இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய வீட்டின் பின்பக்க அறையில் நானும் மனைவியும் மகளும் இருந்தோம். கோலாலம்பூரில் அறை தேடி அலைந்தவர்களுக்கு அந்த விளம்பரங்கள் தெரியும். பாதிக்கு மேல் 'சமையல் கூடாது' என்று முடியும். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் 'லைட் குக்கிங்' என்று போடுவார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா இரக்கமுள்ள வகை. லைட் குக்கிங் என்றால் என்ன என்று முதல் நாளே விளக்கினார். தண்ணீர் கொதிக்க வைக்கலாம். பாக்கெட் மீ நூடுல்ஸ் போடலாம். அதற்கு மேல் எதுவும் கூடாது. எண்ணெய் சூடாகக் கூடாது. மணம் வரக் கூடாது. அதாவது, உப்புத் தூளைக் கரைத்து மீ குடிக்கலாம். பருப்பு வேக வைக்கக் கூடாது. சரி ஆன்டி என்றேன்.

அவர் யாழ்ப்பாணத்துப் பரம்பரை. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். மகன் அனுப்பிய பணத்தில் சமையலறையைப் புதிதாகக் கட்டியிருந்தார். கண்ணாடி போல மினுங்கும் அடுப்பு, அதன் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு தினமும் பதினொன்றரை மணிக்கு ஒரு டிபன் கேரியரில் கேட்டுக்கு வரும். இரண்டு வேளைக்கும் அதுதான். அந்த அடுப்பு எரிந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

கோபம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என் பழக்கம். கேரித் தீவு தோட்டத்தில் பிறந்தவன். படிவம் இரண்டில் ஒரு வாத்தியார் அடித்தார் என்று பள்ளியை விட்டேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசரோடு சண்டை, கிளம்பினேன். சுங்கை பூலோவில் ஒரு செடித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றினேன், அங்கே சாப்பாட்டு நேரத்தைச் சம்பளத்தில் வெட்டினார்கள், கிளம்பினேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். மகள் பதினேழு வயதுக்குள் நான்கு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். இந்த அறைக்கு வந்தபோது அவள் எஸ்.பி.எம். பரீட்சை எழுதும் வருடம். பள்ளிக்கு நடந்து போகலாம். மனைவி பெரிய ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீசில் துப்புரவு வேலை செய்தாள், அவளும் நடந்து போகலாம். நான் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் லோரியில் கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் இறக்கி, தார்ப்பாய் கட்டும் ஆள்.

சாமான் இறக்கி வைத்த அன்றே மனைவி சொல்லிவிட்டாள்.

"அவ பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் இந்த ரூம விட்டு நகரக் கூடாது. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் கோபப்படுங்க, ஆனா பைய மட்டும் தொடாதீங்க."

நான் ஒப்புக்கொண்டேன். ரைஸ் குக்கரைப் போர்வையில் சுற்றி உள்ளே கொண்டு வந்ததும் அதே நாளில்தான்.

ஒரே ஒரு ரைஸ் குக்கரை வைத்துக்கொண்டு மூன்று பேருக்கு என்னென்ன சமைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வண்ணத் தாள் அடித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. லோரியில் சுற்றியவன் கைக்குச் சமையல் வரும். அரிசியோடு மைசூர் பருப்பும் தக்காளியும் நெத்திலியும் சேர்த்து ஒரே தடவையில் வேக வைத்தால் ஒரு வேளை. கழுவிய முட்டையை அரிசிக்கு மேல் அடுக்கினால் சோறு வேகும்போதே முட்டையும் வெந்துவிடும். பாசார் மாலாம் இரவுச் சந்தை கலைகிற நேரத்துக்குப் போனால் வெளியிலை வாடிய முட்டைக்கோஸை ஒரு ரிங்கிட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். வெளியிலையை உரித்தால் உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. தௌவு என்கிற சோயாக் கட்டி, தௌகே என்கிற பயறு முளை, கங்கோங் கீரை, எல்லாம் மலிவு. சனிக்கிழமை ஒரு டின் சார்டின். மூன்று துண்டு மீன் இருக்கும், ஆளுக்கு ஒன்று, குழம்பு அடுத்த நாளைக்கும் ஓடும்.

தாளிப்பதுதான் சிரமம். ரைஸ் குக்கரில் சூடு ஏறினால் சுவிட்ச் தானாக மேலே எகிறிவிடும். அதை எகிறவிடாமல் ஒரு கரண்டிக் காம்பைக் குறுக்கே சொருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடத்தில் எண்ணெய் காயும், கடுகு வெடிக்கும். மகள் அந்த நேரத்தில் பாடத்தைச் சத்தம் போட்டு வாசிப்பாள், கடுகுச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க. சரித்திரப் பாடத்தில் அவள் நல்ல மார்க் வாங்கியதற்குக் கடுகும் ஒரு காரணம்.

சத்தத்தை அடக்கலாம். மணத்தை என்ன செய்வது? முதல் வாரமே நான் யோசித்துக் கண்டுபிடித்தது சாம்பிராணி. விளக்கு வைக்கும் நேரமும் நாங்கள் சமைக்கும் நேரமும் ஒன்று. தட்டில் கொட்டாங்குச்சிக் கரி வைத்து, சன்னலில் பற்ற வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டால் அறை முழுக்கப் புகை மண்டும். மகள் இருமுவாள். சார்டின் எங்கே போனது என்று எனக்கே தெரியாது. மனைவிக்கு அது பிடிக்கவில்லை. சாமிக்குப் போடுவதை மீனுக்குப் போடாதீர்கள் என்றாள். அவ்வளவு பெரிய அடுப்பைச் சும்மா வைத்திருக்கிற வீட்டில் சாமி என்னைத்தான் வந்து கேட்குமா என்றேன்.

ஒரு மாதத்தில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மா எங்களை மெச்ச ஆரம்பித்தார். இந்தக் காலத்தில் வாடகைக்கு வருகிறவர்களில் தினமும் சாம்பிராணி போடும் குடும்பம் எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வந்த தன் தங்கைகளிடம் எங்கள் அறைக் கதவைக் காட்டிச் சொன்னார். அதில் ஒருவர் மகளைக் கூப்பிட்டு ஒரு விபூதிப் பொட்டலம் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் கூடத்துக்கும் கொஞ்சம் புகை காட்டச் சொன்னார் வீட்டுக்காரம்மா. நான் தட்டை எடுத்துக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினேன். அவர் கைகூப்பி நின்றார். என் பின்னால் அறைக்குள் நெத்திலி வெந்துகொண்டிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானப்பட வைத்தது அவர்தான் என்று நினைத்ததில் கோபம் இன்னும் ஏறியது.

பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது சிரம்பானில் அவருடைய கணவரின் தம்பி இறந்துபோனார். வீட்டுக்காரம்மா போய்விட்டு வந்து தலை முழுகி, ஈரத் தலையோடு எங்கள் கதவைத் தட்டினார்.

"தம்பி, வீட்டில துடக்கு. சாமியறையைப் பூட்டிப் போட்டன். முடியும் மட்டும் நீங்களும் விளக்கோ சாம்பிராணியோ ஒண்டும் வைக்காதையுங்கோ. உங்களுக்கு மனசுக்குக் கஷ்டம்தான், எனக்குத் தெரியும்."

துடக்கு என்றால் நாங்கள் தீட்டு என்று சொல்வது. மனதுக்குக் கஷ்டம் என்று அவர் சொன்னது உண்மைதான், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்கு இல்லை. புகை இல்லாமல் எப்படிச் சமைப்பது?

சமைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் தீட்டுப் போய்விடும். பதினாறு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டேன். மகளுக்குப் பாக்கெட் மீ. நான் துறைமுகத்தில் எதையாவது தின்றுவிட்டு வருவேன். மனைவி தன் ஆபீசில் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்றாள். வெளியே மூன்று பேர் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் எழும்போது ஒரு நாள் கூலியில் பாதி போயிருக்கும். பொட்டலமாகப் பொங்குஸ் வாங்கினாலும் அதேதான். பத்தாம் நாள் மகளுக்கு வயிற்று வலி வந்தது. பன்னிரண்டாம் நாள் மனைவியின் பையில் ஒரு குடையைத் தேடினேன். உள்ளே வெறும் ரொட்டிப் பாக்கெட் ஒன்று, பாதி தின்றது. ஆபீசில் ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு நாளாக இரண்டு வேளையும் அவள் வெறும் ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தாள் என்று புரிந்தது.

நான் அன்று ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் பையையும் தூக்கியிருப்பேன்.

பதினேழாம் நாள் வேலை முடிந்து வரும்போது பெரிய டின் சார்டின் வாங்கினேன். வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு துண்டு புளி. மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவள் வரும்போது சுடச்சுடச் சோறு இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். கரி பற்ற வைத்தேன். பதினாறு நாள் விட்டதற்கும் சேர்த்து இரண்டு கை சாம்பிராணி போட்டேன். கரண்டிக் காம்பைச் சொருகினேன். மகள் வாசிக்க ஆரம்பித்தாள்.

கடுகு வெடித்து, மீனைக் கொட்டியவுடன் கதவு திறந்துகொண்டது. அவர் தட்டவே இல்லை.

"என்ன செய்யிறீங்கள்? துடக்கு வீட்டில சாம்பிராணியோ?"

"பதினாறு முடிஞ்சுருச்சுதானே ஆன்டி."

"ஆருக்குப் பதினாறு? எங்களுக்கு முப்பத்தொண்டு."

எனக்கு அது தெரியாது. நாற்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் தமிழர்களோடு இருக்கிறேன், எத்தனையோ சாவு வீட்டில் பாடை கட்டியிருக்கிறேன், அவர்களுக்கு முப்பத்தொன்று என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு இரண்டு அடி உள்ளே வந்தார். அப்போதுதான் கீழே பார்த்தார். ரைஸ் குக்கர், சொருகிய கரண்டி, எண்ணெயில் மீன், திறந்த டின். அதுவரை ஆறு மாதத்தில் ஒரு நாளும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சமையல் மணம் அவருக்கு எட்டவே இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது சாம்பிராணி.

"அப்ப இவ்வளவு நாளும் இதுக்குத்தானோ?" என்றார்.

நான் கரண்டிக் காம்பை உருவினேன், சுவிட்ச் மேலே எகிறியது.

"என்ர தங்கச்சிமாருக்கெல்லாம் சொன்னனான். நீர் தட்டைக் கொண்டு வரேக்க நான் கும்பிட்டனான். மீனுக்கோ கும்பிட்டனான்?"

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான்தான் கத்தினேன். மற்ற வாடகை அறைகள் காலியாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பிளாஸ்டிக்கைக்கூட உரிக்காத அடுப்பை யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். படிக்கிற பிள்ளை தினமும் மீ தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது உங்களுக்குத் தெரியுமா என்றேன். பருப்புச் சோறு தின்றால் உங்கள் சுவர் இடிந்துவிடுமா என்றேன். சொன்னதெல்லாம் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான பேச்சைப் பேசிக்கொண்டிருந்தவனின் காலடியில் கரித்தட்டு புகைந்துகொண்டிருந்தது. அதனால் அவர் என் பேச்சுக்குப் பதில் சொல்லவே இல்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். மகள் புத்தகத்தை மூடாமல் சொன்னாள்.

"அப்பா, அஞ்சாவது ஸ்கூலுக்கு என்னால போக முடியாது."

கையை எடுத்துவிட்டேன்.

மனைவி வந்து எல்லாம் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகம் கழுவிவிட்டு முன்பக்கம் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். காலில் விழுந்தாளா என்று கேட்டேன். இல்லை, கூடத்தை மட்டும் கழுவி விட்டேன் என்றாள். துடக்கு வீட்டில் தவறாகப் புகை போட்டுவிட்டதற்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் சரி என்றிருக்கிறார். கழுவிக்கொண்டே பரீட்சையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். பரீட்சை முடியும்வரை இருக்கலாம், அறைக்குள் சமையல் அறவே கூடாது, ரைஸ் குக்கர் அவரிடம் இருக்க வேண்டும். அதுதான் முடிவு. ஒரு நாள் முழுக்கப் பத்து மாடி கழுவிவிட்டு வந்தவள், சோறு தின்னாமல், அந்தக் கூடத்தையும் கழுவினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதில் எவ்வளவு அவர் மேல், எவ்வளவு என் மேல் என்று பிரித்துப் பார்க்க நான் முயற்சி செய்வதில்லை.

பாதி வெந்த சார்டினை அன்று நாங்கள் தின்றோம். ஆறியிருந்தது. பிறகு குக்கரைக் கழுவித் துடைத்து மனைவியே கொண்டு போய்க் கொடுத்தாள். அது அந்தப் பளபளக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டே குளிக்கப் போனேன்.

அறைக்குள் கூடாது என்றால் வெளியே சமைக்கலாம் அல்லவா? இது முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். துறைமுகத்தில் லோரிகள் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும். டிரைவர்கள் லோரிப் பக்கவாட்டுப் பெட்டியில் சின்ன கேஸ் அடுப்பு வைத்திருப்பார்கள். எங்கள் டிரைவர் ஒரு சீன அங்கிள், அதில் கோப்பி மட்டும் போடுவார். அவரிடம் கேட்டேன்.

"குக் லா," என்றார். "எனக்கும் ஒரு பிளேட் வை."

அன்றிலிருந்து கிள்ளானில் வரிசையில் நின்றபடி பருப்பும் கோஸும் முட்டைக் குழம்பும் வைத்தேன். கடுகு தாராளமாக வெடித்தது. சனிக்கிழமை சார்டின். மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று வாங்கி, சோறு ஒன்றில், குழம்பு ஒன்றில், காய் ஒன்றில் நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டு வருவேன். வெளியிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டுக்குத் தடை இல்லை. கேட்டில் அவருடைய கேரியர் காலியாகத் தொங்கும். என் கேரியர் அதைத் தாண்டி உள்ளே போகும்.

ஒரு நாள் கேட்டில் என்னை நிறுத்தினார். துடக்கு முடிந்து பல நாள் ஆகியிருந்தது. அதுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்தக் கடைச் சாப்பாடு, மணம் நன்றாக இருக்கிறதே, தனக்கு வருவது வரவரத் தண்ணீராக இருக்கிறது, இவர்கள் வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேட்டார்.

"இவங்க லைட் குக்கிங்தான் ஆன்டி," என்றேன். "வெளிய அனுப்ப மாட்டாங்க."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. உள்ளே போய்விட்டார். மகளிடம் சொன்னேன், அவள் சிரிப்பாள் என்று. ஒரு ஆளுக்குச் சாப்பாடு கொடுத்திருக்கலாமே அப்பா என்றாள். அவளுக்குக் கோபம் என் அளவுக்கு வராது. அம்மா பக்கம் போய்விட்டாள்.

அவள் பரீட்சை எழுதி முடித்தாள். கிள்ளானில் நான்காவது மாடியில் ஒரு ஃபிளாட் பேசி வைத்திருந்தோம். முன்பணத்துக்கு மனைவி போட்டுவந்த கூட்டுச் சீட்டுப் பணமும், இந்த அறைக்குக் கொடுத்திருந்த இரண்டு மாத டெபாசிட்டும் என்று கணக்கு. காலி செய்யும் நாளில் வீட்டுக்காரம்மா அறையைப் பார்க்க வந்தார். சுவரைக் கையால் தடவினார், விரலை மோந்து பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மீன் வாடை இல்லை. சார்டின் அந்த அறையில் எங்கேயும் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அவர் மேலே காட்டினார். சன்னலுக்கு நேர் மேலே கூரைப் பலகையில் லோரிச் சக்கரம் அகலத்துக்குக் கறுப்பு வட்டம். ஆறு மாதச் சாம்பிராணி. படுக்கும்போதெல்லாம் அது என் கண்ணுக்கு மேலேதான் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"இதுக்குப் பெயிண்ட் அடிக்க வேணும்," என்றார். ஒரு மாத டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டேன். மனைவி போய் ரைஸ் குக்கரை வாங்கி வந்தாள். சீன அங்கிள் லோரியோடு வெளியே காத்திருந்தார். குறைந்த ஒரு மாதப் பணத்துக்கு அவரிடம்தான் கேட்டேன், கேள்வி கேட்காமல் கொடுத்தார்.

இப்போது எங்களுக்கு அடுப்பு இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. முதலாளி, தாதி, மச்சான், மூவர் சொன்னதும் சரியென்று ஆகிவிட்டது. அதை அவர்களிடம் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. வெள்ளிக்கிழமைகளில் மனைவி சாம்பிராணி போடுகிறாள், சாமிக்கு மட்டும். புகை எழுந்தவுடன் நான் வெளியே மாடி நடைபாதைக்குப் போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் நான் சாமிமேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைக்கிறாள். அது இல்லை. அந்த வாசம் வந்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது. சாப்பிட்டு எழுந்த பிறகும் பசிக்கிறது.